பீர்க்கங்கூட்டிலிருந்து ஒரு செராமிக் எலும்பு

கொடியிலேயே முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டைக் களிமண் குழம்பில் நனைத்துச் சூளையில் வைத்தால், நார் எரிந்து போய்விடும். அதன் உருவம் மட்டும் செராமிக்காக மிஞ்சும். ஈரமாக இருக்கும்போதே லேசாக வளைத்துவிட்டால், நறுக்கிய தொடை எலும்பின் உட்புறத் துளைகள் அப்படியே தெரியும். செடி இல்லாமல் போன இடத்தில்தான் இந்தச் சிற்பம் இருக்கிறது. எனக்கு இந்த முறை பிடித்ததே அதனால்தான்.

தோலை உரித்து, விதையை உதறி, கூட்டை அலசிக்கொள்ளுங்கள். விதைகளை எடுத்து வையுங்கள், ஆடிப்பட்டத்துக்கு ஆகும்.

மண்ணுக்கு என் தேர்வு வெள்ளை ஸ்டோன்வேர், அதாவது அதிக சூட்டில் சுட்டால் கெட்டிப்படும் களிமண். போர்சலின் (பீங்கான் மண்) அழகுதான், ஆனால் உச்ச சூட்டில் மெல்லிய சுவர் தொய்ந்துவிடும். தோசை மாவுப் பதத்தில் கரைத்து வடிகட்டுங்கள்.

சிக்கல் இனிமேல்தான். காயும்போது மண் சுருங்கும், உள்ளே இருக்கும் நார் அந்த அளவுக்குச் சுருங்காது. விளைவு, மண் செதில் செதிலாக உதிரும். இதற்கு மருந்து காகிதக் கூழ். டிஷ்யூ காகிதத்தை ஊறவைத்து மிக்ஸியில் அடித்துப் பிழிந்து, மூன்று பங்கு குழம்புக்கு ஒரு பங்கு சேருங்கள். அந்த இழைகள் மண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கூட்டையும் முதலில் தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள். காய்ந்த கூடு குழம்பின் நீரைக் குடித்துவிடும், மண் உள்ளே இறங்காது. குழம்புக்குள் நன்றாக அமுக்கிப் பிழிந்து, வெளியே எடுத்து உதறுங்கள். அடைத்த துளைகளை ஊதித் திறக்கலாம். பூச்சு சற்று இறுகியதும் அடுத்தது. மூன்று பூச்சு போதும். அப்புறம் நிழலில் முழுக்கக் காய வேண்டும்.

சூளையில் மணிக்கு 60 முதல் 80 டிகிரி வரை ஏற்றினால் போதும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற படிகம் சட்டென்று விரியும், அங்கே அவசரம் கூடாது. 600 தாண்டும்வரை புகை போக வழி விடுங்கள். வீட்டுக்குள் சுட வேண்டாம். 1000 டிகிரியோடு நிறுத்தினால் உருவம் நிற்கும், ஆனால் விரல் அழுத்தத்துக்கே நொறுங்கும். மணல் பரப்பிய தட்டில் வைத்து, அந்த மண்ணுக்கு உரிய முழுச் சூட்டில் இன்னொரு முறை சுடுங்கள். கிளேஸ் (கண்ணாடிபோல் பளபளக்கும் மேற்பூச்சு) பூச வேண்டாம், துளைகள் அடைந்துவிடும்.

பின்சேர்க்கை: கடையில் விற்கும் குளியல் நார் ஆகுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இயற்கை நார் என்றால் ஆகும். திறந்தவெளியில் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலானால் சரி. உருகிச் சொட்டினால் அது பிளாஸ்டிக், அதன் புகை நச்சு; சூளைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.