கச்சுப் பாலைவனம்: காலையில் நிரோணா, மாலையில் வெள்ளை ரண்

குஜராத்தின் கச்சுப் பகுதிக்குச் செல்வோர், உப்புப் பாலைவனமான வெள்ளை ரண்ணை ஒட்டிய கூடாரங்களில் தங்காமல் பூஜ் நகரிலேயே அறை எடுத்துக்கொண்டு, ஒரே நாள் வாடகைக் காரில் காலையில் நிரோணா கிராமத்தையும் மாலையில் வெள்ளை ரண்ணின் விளிம்பிலுள்ள தோர்டோ கிராமத்தையும் பார்த்துத் திரும்பினால் பணமும் ஒரு நாளும் மிச்சமாகும்.

உச்சி வெயிலில் உப்புப் பரப்பு கண்ணைக் கூச வைக்கும் என்பதால், அந்த நேரத்தைக் கைவினைஞர்களின் வீடுகளில் செலவிடுவதே புத்திசாலித்தனம். நிரோணாவில், ஆமணக்கெண்ணெயைக் காய்ச்சி எடுத்த பசையில் நிறம் குழைத்து, அதை உள்ளங்கையில் வைத்து இரும்புக் கம்பியால் நூல்போல் இழுத்துத் துணியின் ஒரு பாதியில் வரைவார்கள். துணியை மடித்து அழுத்தியதும் மறுபாதியிலும் அதே உருவம் பதிந்துவிடும். இந்த ரோகன் ஓவியத்தை வரைந்தவரிடமே வாங்கும்போது இடைத்தரகரின் பங்கு விலையில் சேராது. செம்பு மணிகளும் அதே ஊரில் கிடைக்கும். வழியில் பிரண்டியாராவில் பால்கோவாவைப் போன்ற மாவாவைச் சுடச்சுடச் சாப்பிடலாம் (பூஜ் திரும்பியபின் தபேலி என்ற சிற்றுண்டிக்கும் வயிற்றில் இடம் வைத்திருங்கள்). ரண்ணுக்குள் செல்ல அனுமதிச் சீட்டு தேவை என்பதால் அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் ரண் நீரில் மூழ்கிவிடுவதால் இத்திட்டம் நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை மட்டுமே பொருந்தும். பௌர்ணமி இரவில் உப்புவெளியைக் காண விரும்புவோர், நள்ளிரவில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் திரும்பி வருவதைவிடத் தோர்டோவிலேயே தங்குவது நல்லது.