குடும்ப குரூப்பில் சண்டை வராமல் இருக்க போனில் என்ன செய்யலாம்

எல்லார் வீட்டு வாட்ஸப் குரூப்பிலும் ஒரு சித்தப்பா இருக்கிறார். விடிகாலை குட் மார்னிங் படம், பத்து மணிக்கு எலுமிச்சையில் புற்றுநோய் குணமாகும் என்று ஒரு செய்தி, ராத்திரி அரசியல். ஒரு நாள் பொறுக்க முடியாமல் 'இது பொய்' என்று நாம் எழுதிவிட, அத்தை கோபித்துக்கொண்டு அடுத்த கல்யாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

உடனே சித்தப்பாவை பிளாக் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள், பிரயோஜனமில்லை. தனியாக வரும் மெசேஜும் காலும்தான் நிற்கும். குரூப்பில் அவர் போடுவதெல்லாம் வந்துகொண்டேதான் இருக்கும்.

குரூப்பை மியூட் செய்யுங்கள். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று இருக்கும், யோசிக்காமல் கடைசியைத் தொடுங்கள். ஆனால் சத்தம் நின்றாலும் குரூப் மேலேயே நிற்கும், கண் போகும், விரலும் போகும், அதனால் கையோடு ஆர்க்கைவும் செய்துவிடுங்கள், அதாவது சாட் பட்டியலிலிருந்து எடுத்துத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். செட்டிங்ஸில் சாட்ஸ் பகுதிக்குப் போய், ஆர்க்கைவ் செய்தவை அங்கேயே இருக்கட்டும் என்ற விருப்பம் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அடுத்த குட் மார்னிங்குக்கே குரூப் மேலே ஏறி வந்துவிடும். உங்கள் பெயரை டேக் செய்தாலோ உங்களுக்குப் பதில் போட்டாலோ மட்டும் தெரியவரும். சாவு, கல்யாணம் என்றால் எப்படியும் போனில் கூப்பிடுவார்கள்.

ப்ளூ டிக்கை அணைத்துவிட்டோம், படித்தது தெரியாது என்று நினைக்காதீர்கள். அது குரூப்புக்குச் செல்லாது, போட்டவர் தன் மெசேஜை அழுத்தி இன்ஃபோ பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று வந்துவிடும். திறக்காமல் இருப்பதுதான் வழி. சித்தப்பாவின் ஸ்டேட்டஸையும் அழுத்திப் பிடித்து மியூட் செய்யலாம், அவருக்குத் தெரியாது.

சத்தமில்லாமல் வெளியேறலாமா? 2022லிருந்து அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகிறது, சரி. ஆனால் விலகியவர்கள் பட்டியலில் 60 நாள் உங்கள் பெயர் இருக்கும், அத்தை அதைப் பார்க்காமல் விடமாட்டார்.

அப்புறம், செட்டிங்ஸில் பிரைவசியில் குரூப்ஸ் என்று இருக்கும். யார் உங்களைச் சேர்க்கலாம் என்பதில் 'காண்டாக்ட்ஸ், இவர்களைத் தவிர' என்பதைத் தொட்டு சித்தப்பாவை டிக் செய்யுங்கள். நாளைக்கே 'குலதெய்வம் கோயில் 2' என்று அவர் புதிதாக ஒன்று ஆரம்பித்தாலும் உங்களை நேராகச் சேர்க்க முடியாது, தனியாக அழைப்புதான் அனுப்ப வேண்டும். நீங்கள் தொடாவிட்டால் மூன்று நாளில் அது தானாகவே காலாவதியாகிவிடும்.