சுவீடன் ஸ்டூடியோ பூச்சாடி: வாங்குமுன் பார்க்க வேண்டியதும் வீட்டில் வைக்கும் முறையும்

மட்டக்களப்பில் ஒரு வீட்டுக்கு சுவீடன் ஸ்டூடியோ பீங்கான், அதாவது கலைஞர் தம் பட்டறையில் செய்த சாமான், வந்து சேர்வது பெரும்பாலும் சுவீடனில் குடியிருக்கும் சொந்தக்காரர் மூலம்தான். மச்சானோ சித்தியோ ‘லொப்பிஸ்’ என்கிற பழஞ்சாமான் சந்தையில் ஒரு பூச்சாடியைக் கண்டு வட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். எடுப்பதா விடுவதா என்று உடனே சொல்ல வேண்டியிருக்கும். முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். ஐந்து படம் கேளுங்கள்: நேர்த்தோற்றம், அடிப்பாகம் முழுதாக, அடியிலுள்ள குறி மிகக் கிட்டத்தில், மேலிருந்து வாய்விளிம்பு, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து ஒரு பக்கம். அடிப்பாகத்தின் படம் வரும்வரை விலை பேச வேண்டாம்.

மூன்று தொழிற்சாலைகளின் குறிகளைத் தெரிந்துகொண்டால் சந்தையில் வருவதில் பெரும்பகுதி பிடிபடும்.

முதலாவது குஸ்டாவ்ஸ்பெர்க், ஸ்டொக்ஹோமுக்குப் பக்கத்திலுள்ள வார்ம்டோ தீவில் இருந்தது. நங்கூரம் அதன் தொழிற்சாலைக் குறி. 1917 முதல் 1949 வரை கலை இயக்குநராக இருந்தவர் வில்ஹெல்ம் கோகெ. பச்சை மெருகின் (சூளையில் உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சு) மேல் வெள்ளி வேலை செய்த ‘ஆர்ஜென்டா’ அவருடையது, 1930இல் வெளிவந்தது. 1942இல் அங்கே தனி ஸ்டூடியோ தொடங்கியது. அதன் பொருட்களில் விரித்த கை ஒன்று குறியாக இருக்கும். கோகெக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஸ்டிக் லிண்ட்பெர்க் (1916–1982) வண்ணந்தீட்டிய ஃபையன்ஸ் (வெள்ளை மெருகு பூசிய மண்) பாத்திரங்களால் பெயர்பெற்றவர்.

சேகரிப்போர் அதிகம் தேடுவது பெர்ன்ட் ஃபிரிபெர்க்கை (1899–1981). 1934இல் கோகெக்குச் சக்கரத்தில் வனைந்து கொடுப்பவராக வந்தவர், பின்பு சொந்தப் பெயரில் செய்தார். முயல் ரோமம் போல இழையோடும் மங்கல் மெருகும் இறுக்கமான வடிவமும்தான் அவருடைய வேலையின் அடையாளம். அடியில் அவர் பெயரும் கைக்குறியும் ஆண்டைக் காட்டும் எழுத்தும் கீறப்பட்டிருக்கும். ஈரமண்ணில் கீறிச் சூளையில் வைத்த கோட்டின் ஓரம் சற்று எழும்பி மழுங்கியிருக்கும். சுட்ட பிறகு ஊசியால் கீறிய பொய்க் கையெழுத்தின் ஓரமோ வெள்ளையாக, தூள் உதிர்ந்தாற்போல் தெரியும். கிட்டத்தில் எடுத்த படம் இதற்காகத்தான்.

குஸ்டாவ்ஸ்பெர்க்கின் இன்னொரு வடிவமைப்பாளர் லிசா லார்சனின் சிங்கம், பூனை உருவங்களில் கவனம் வேண்டும். 1992இல் தொடங்கிய கெராமிக்ஸ்டுடியோன் என்ற சிறு பட்டறை அவற்றைப் புதிதாகச் செய்கிறது. அவை நல்ல பொருட்களே. ஆனால் பழையவற்றின் விலையைக் கொடுக்கக்கூடாது. பச்சை இலை வரிசை போட்ட ‘பெர்சோ’ கோப்பைகளும் லிண்ட்பெர்க் வடிவமைத்தவைதான். என்றாலும் அவை தொழிற்சாலைச் சாப்பாட்டுச் சாமான், ஸ்டூடியோ வேலை அல்ல.

அடுத்தது ரோர்ஸ்ட்ராண்ட். 1726இல் ஸ்டொக்ஹோமில் தொடங்கி, பின்னர் லிட்சோப்பிங் நகரில் நிலைத்தது. மூன்று கிரீடமும் ‘ஆர்’ எழுத்தும் குறி. அதன் பக்கத்தில் ‘ஜி.என்’ என்றால் குன்னார் நியுலுண்ட், ‘சி.எச்.எஸ்’ என்றால் கார்ல்-ஹரி ஸ்டோல்ஹானெ. ஸ்டோல்ஹானெயின் 1950களின் ஒல்லியான நெடுங்கழுத்துச் சாடிகள் ஒரு வகை, 1960களின் கரடுமுரடான கனத்த வேலைகள் இன்னொரு வகை. முதலில் வாங்குகிறவர் ஒல்லியானதில் தொடங்கலாம். குறியின் குறுக்கே கோடு வெட்டியிருந்தால் அது இரண்டாந்தரம், விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

மூன்றாவது உப்சாலா-எக்கெபி. மாரி சிம்முல்சன், இங்க்ரிட் அட்டர்பெர்க் ஆகியோரின் சாடிகள் அழகானவை, விலையும் மலிவு. ஆனால் பெரும்பாலும் எர்தன்வெயார், அதாவது குறைந்த சூட்டில் சுட்டு நுண்துளை விட்ட மண். வாவிக் காற்றுக்கும் உவர்த் தண்ணீருக்கும் இது தாங்காது. மெருகு பூசாத அடிவளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தெரிந்துவிடும்: அதிக சூட்டில் சுட்டு இறுகிய ஸ்டோன்வெயாரில் சொட்டு நிற்கும், எர்தன்வெயார் நம்மூர் தயிர்ச் சட்டியைப் போல உறிஞ்சிவிடும்.

சேதம் பார்ப்பது அடுத்த வேலை. விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் முழுச்சாடி கணீரென்னும், வெடித்தது மந்தமாக ஒலிக்கும். கழுத்து ஒடுங்கிய தடித்த சாடி வெடிக்காமலே மந்தமாக ஒலிக்கும்; ஆகையால் ஒலியை மட்டும் நம்பாதீர்கள். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டச் சொல்லுங்கள். உடைந்த விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தியிருந்தால் அந்த இடம் தட்டையாக, மெருகில்லாமல் இருக்கும். பூசி மறைத்த திருத்தத்தைக் கண்டுபிடிக்க, கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதாக்கதிர் டோர்ச்சை இருட்டில் அடித்துப் பார்க்க வேண்டும். பூச்சு உள்ள இடம் வேறு நிறத்தில் ஒளிரும். ஃபிரிபெர்க்கில் அரிசியளவு உடைவுகூட விலையைப் பெரிதும் இறக்கிவிடும்.

பொதி கட்டும்போது முதலில் மைபடாத டிஷு தாளையோ பழைய பருத்திச் சேலைத் துணியையோ சுற்றி, அதற்கு மேல் குமிழ்ப் பிளாஸ்டிக் போடவும். குமிழ் நேரே மெருகில் நெடுநாள் பட்டால் தடம் விழலாம். பத்திரிகைத் தாளின் மை, பூசாத அடியில் ஏறும். கழுத்துக்குள் எதையும் அடைக்க வேண்டாம். பெட்டிக்குள் பெட்டி வைத்து, இடையில் எல்லாப் பக்கமும் 5 சென்டிமீற்றர் மெத்தை விடுங்கள். கையகலச் சிறு சாடிகள் கைப்பையிலேயே வரட்டும். கட்டுநாயக்காவிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வந்தால் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸின் அடிப்பெட்டியில் போட்டால் வழிநெடுகக் குலுங்கும்.

வீட்டில் முதல் எதிரி உப்பு. நுண்துளை வழியே புகுந்த உப்பு காயும்போது படிகமாகி மெருகை உள்ளிருந்து தள்ளும். கடலோரக் கிணற்றின் உவர்த் தண்ணீரால் கழுவாதீர்கள். வடிகட்டிய தண்ணீரோ மழைநீரோ எடுக்கவும். ஸ்டோன்வெயாரை பிளாஸ்டிக் பேசினில் துவாய் விரித்து, இளஞ்சூட்டு நீரும் மென்மையான சவர்க்காரமும் விட்டுக் கழுவலாம். எர்தன்வெயாரை, குறிப்பாக மெருகில் மயிரிழை வெடிப்பு ஓடியதை, நனைக்கவே கூடாது. பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பித்தளைக்குப் போடும் புளியும் தேசிக்காயும் இங்கே ஆகாது, மங்கல் மெருகு சிலவற்றைப் புளிப்பு அரிக்கும்.

ஆர்ஜென்டாவின் வெள்ளி இந்த ஈரக்காற்றில் சீக்கிரம் கறுக்கும். குத்துவிளக்கு துலக்குவதுபோல விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்த்தால் மெல்லிய வெள்ளி தேய்ந்துபோகும், திரும்ப வராது. காய்ந்த மெல்லிய பருத்தித் துணி போதும். மீதிக் கறுப்பை விட்டுவிடுங்கள்.

வாடைக்காற்று தொடங்குமுன் ஜன்னலோரத்திலிருந்து சாடிகளை எடுத்துக் கண்ணாடிக் கதவுள்ள அலுமாரிக்குள் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடவும். அகன்ற தோளும் ஒடுங்கிய அடியுமுள்ள சாடிகள் திரைச்சீலை உரசினாலே சாயும். உயரமானவற்றுக்குள் ஒரு பொலித்தீன் பையில் மணல் கட்டி இறக்கினால் நிற்கும். கல்லடிக் கடற்கரை மணல் வேண்டாம். கழுவிக் காயவைத்த ஆற்றுமணல் எடுங்கள். பூ வைக்க விரும்பினால் சாடிக்குள் சிறு கண்ணாடிக் குவளையை இறக்கி, தண்ணீரை அதில் மட்டும் ஊற்றுங்கள்.