வழிகாட்டிய பெரியவருக்கு நன்றி சொல்வதில் நாம் செய்யும் தவறுகள்

ஊழியத்தில் பாராட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஆராதனை முடிந்து வாசலில் நின்றால், "நல்ல செய்தி ஐயா" என்று பாதி சபை கைகொடுத்துவிட்டுப் போகும். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லி, டீ கொடுத்து, "தம்பி, இன்றைக்கு உன் பிரசங்கத்தில் உன் கதைதான் அதிகம், வசனம் ரொம்பக் குறைவு" என்று சொல்ல ஒரே ஒருவர்தான் இருப்பார். "காணிக்கையை நீ தனியாக உட்கார்ந்து எண்ணாதே, ரெண்டு பேர் எண்ணி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும்" என்று சொல்வதும் அவர்தான். "ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போகிறாயே, உன் பிள்ளைகள் உன்னை எப்போது பார்ப்பார்கள்?" என்று கேட்பதும் அவர்தான். இப்படி ஒரு பெரியவர் கிடைத்தது தேவ கிருபை என்று நம்மில் பலர் உணர்ந்துதான் இருக்கிறோம். அந்த நன்றியை அவரிடம் கொண்டு சேர்ப்பதில்தான் தடுமாறுகிறோம்.

நான் அதிகம் பார்க்கிற தவறு, பொன்னாடையோடு முடித்துக்கொள்வது. பிரதிஷ்டைப் பண்டிகைக்கோ வெள்ளிவிழாவுக்கோ ஐயாவை அழைத்து, மேடையில் உட்காரவைத்து, "ஐயா இல்லையென்றால் நான் இல்லை" என்று மைக்கில் சொல்லி, கார் வைத்து அனுப்பிவிடுகிறோம். மரியாதை செய்வது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் அறிய விரும்புவது வேறு. அன்று அந்தக் கசப்பான வார்த்தையைச் சொல்லும்போது, இவன் மனம் நொந்து இனி இந்தப் பக்கமே வராமல் போய்விடுவானோ என்று அவருக்கும் பயம் இருந்திருக்கும். ஜெபித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார். சொன்னது என்ன ஆயிற்று என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. "ஐயா, காணிக்கை விஷயத்தில் நீங்கள் சொன்னபடி மாற்றினேன். பொருளாளர் முதலில் என்மேல் கோபப்பட்டார். இப்போது தணிக்கை என்றால் அவரே நிம்மதியாக இருக்கிறார்." இந்த மூன்று வரியை நேரில் போய்ச் சொன்னால், பத்துப் பொன்னாடை தராத சந்தோஷம் அவருக்குக் கிடைக்கும்.

1785 டிசம்பரில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற 26 வயது நாடாளுமன்ற உறுப்பினர் லண்டனில் ஜான் நியூட்டனைப் பார்க்கப் போனார். யாருக்கும் தெரியக்கூடாது என்று எண்ணியதால், உள்ளே போகத் தைரியம் வருமுன் நியூட்டனின் வீடு இருந்த சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மனந்திரும்பிய வேகத்தில் அரசியலை விட்டுவிடலாமா என்பது அவருடைய கேள்வி. ஒரு காலத்தில் அடிமைக் கப்பலில் தலைவனாக இருந்து, பிறகு குருவானவரான நியூட்டன், விடவேண்டாம் என்றார். வில்பர்ஃபோர்ஸ் அந்த ஆலோசனையை ஏற்றுக்கொண்டார். அந்த உறவும் அந்த ஒரு சந்திப்போடு முடியவில்லை. 1796-ல் சோர்வு வந்தபோதும் நியூட்டன், அந்நிய அரசவையில் பணிசெய்த வேதாகமத் தானியேலை நினைவுபடுத்தி அவருக்குக் கடிதம் எழுதித் திடப்படுத்தினார். வில்பர்ஃபோர்ஸ் நாடாளுமன்றத்தில் பல வருடம் போராடியதன் பலனாக, 1807 மார்ச்சில் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. நியூட்டன் காலமானது அந்த வருட டிசம்பரில். தான் சொன்ன வார்த்தையின் பலனைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் அந்தக் கிழவர் போனார். எல்லோருடைய காரியமும் சரித்திரத்தில் ஏறாது, சரி. ஆனால் நமக்கு வழிகாட்டியவரும் தன் வார்த்தையின் பலனைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்ற ஆசை நமக்கு இருக்க வேண்டாமா?

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது. நன்றி என்றால் அவர் சொன்னதையெல்லாம் அப்படியே செய்வது என்று நினைத்துக்கொள்கிறோம். செய்யமுடியாமல் போனால் குற்ற உணர்வில் அவர் முகத்தில் விழிப்பதையே விட்டுவிடுகிறோம். வேதாகமத்தில் வரும் பிரசங்கி அப்பொல்லோவைப் பாருங்கள். எபேசுவில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைச் சேர்த்துக்கொண்டு, அவருக்குத் தெரியாததை விளக்கிச் சொன்னார்கள். வாக்குவல்லமை உள்ள மனிதர், ஆனாலும் கூடாரம் செய்கிற அந்தத் தம்பதியிடம் கற்றுக்கொண்டார். அதே அப்பொல்லோதான், பவுல் மிகவும் வேண்டிக்கொண்டும், கொரிந்துவுக்கு இப்போது வர மனதில்லை என்று சொன்னவர். பவுல் அதைக் கொரிந்தியருக்கு மறைக்காமல் எழுதுகிறார், சமயம் வாய்க்கும்போது வருவார் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அதில் கோபம் துளிகூட இல்லை.

தஞ்சாவூரில் இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. தஞ்சை இளவரசரான இளம் சரபோஜியைத் தன் பொறுப்பில் ஏற்று, அவருடைய படிப்புக்கும் உரிமைக்கும் பாடுபட்ட மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் 1798 பிப்ரவரியில் இறந்தார். மரணப்படுக்கையிலும், அரியணை ஏறவிருந்த அந்த வாலிபனுக்கு எப்படி ஆளவேண்டும் என்று முகத்துக்கு நேராகவே புத்தி சொன்னார். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. ஐயருடைய பெரிய ஆசை அதுதான் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் கடைசி நாட்களில் போய்ப் பார்த்தார், பிற்பாடு ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு அந்தக் காட்சியையே சலவைக்கல்லில் வடிக்கச் செய்தார். ஐயருக்காக அவர் ஆங்கிலத்தில் எழுதிய கல்லறைப் பாட்டில், நேர்மையானவர், வேஷமில்லாதவர் என்ற புகழ்ச்சியும் இருக்கிறது. சொன்னதில் ஒன்றை ஏற்க முடியவில்லை என்பதால் உறவை அறுத்துக்கொள்ளத் தேவையில்லை. "ஐயா, நீங்கள் சொன்னதை யோசித்தேன், ஜெபித்தேன். இந்த ஒன்றில் வேறு வழியில் போகிறேன்" என்று நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். நல்ல பெரியவர் அதைத் தாங்கிக்கொள்வார். அப்படிச் சொன்னதற்காக உங்களைச் சபையில் ஒதுக்கிவைத்து, "என்னால் வளர்ந்தவன்" என்று பேசித் திரிந்தால், அங்கே நடப்பது வழிகாட்டுதல் கிடையாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நன்றியின் பெயரால் நீங்கள் இருக்கவேண்டியதில்லை.

இன்னும் இரண்டு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் தனியாகச் சொன்னதைச் சாட்சி என்ற பெயரில் பிரசங்கமேடையில் சொல்லாதீர்கள், முக்கியமாக அதில் மூன்றாம் மனிதரோ அவருடைய சொந்தத் தோல்வியோ இருந்தால். தன் வாலிப நாளின் விழுகையை உங்களிடம் சொன்னது உங்களைக் காப்பாற்ற. அதை ஊருக்குச் சொல்ல உங்களுக்கு அனுமதி இல்லை. அப்புறம், "நான் அந்த ஐயாவின் பிள்ளை" என்று அவர் பெயரைச் சொல்லி இடம் பிடிப்பது. பிஷப் தேர்தல் வரும் சமயத்தில் இது அதிகம் நடக்கிறது. ஒதுங்கி வாழும் முதியவரைக் கட்சிக்குள் இழுத்துவிடுகிறோம், அவர் சம்மதம் கேட்காமலே.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, அடக்க ஆராதனைவரை காத்திருப்பது. பணி ஓய்வு பெற்ற அன்று ஆயர் குருமனையைக் காலி செய்கிறார், அத்தோடு வாசலுக்கு வருகிற கூட்டமும் நின்றுபோகிறது. பிறகு அவர் பெட்டியின் முன்னால் நின்று ஆளாளுக்கு நீண்ட சாட்சி சொல்கிறோம். அதில் பாதியை அவர் உயிரோடு இருக்கும்போது கேட்டதே இல்லை என்று ஆயரம்மாவுக்குத் தெரியும்.

ஆகவே இந்த வாரமே போங்கள். கூட்டமாகப் போகவேண்டாம், போட்டோ வேண்டாம். தூரத்தில் இருந்தால் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் மாலை போட்ட படம் அனுப்பாமல், ஒரு தாளில், அவர் கண்ணுக்கு எட்டும்படி பெரிய எழுத்தில் எழுதுங்கள். எந்த வருடம், எந்த இடத்தில், என்ன சொன்னார், அதனால் நீங்கள் எதை நிறுத்தினீர்கள் அல்லது தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். அது அவருக்கு ஞாபகம் இல்லாமலும் போகலாம், அதனால் விவரமாக எழுதுங்கள். அவர் ஏற்கெனவே கர்த்தருக்குள் போய்விட்டார் என்றால், அதே கடிதத்தை ஆயரம்மாவுக்கோ பிள்ளைகளுக்கோ எழுதுங்கள். ஊழியம் ஊழியம் என்று அப்பா வீட்டில் இல்லாத சாயங்காலங்களுக்குக் கணக்குத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்தச் சாயங்காலங்களில் ஒன்று உங்களோடு கழிந்தது என்பதை அவர்களும் அறியட்டும்.