ஜப்பான் அவுரி: பச்சை இலையிலிருந்தே பட்டுக்கு நீலம்

பேரில் அவுரி இருந்தாலும் இது நாம் அறிந்த அவுரி அல்ல. அது பயறு வகை. இதுவோ சுக்கான் கீரையின் குடும்பமான பாலிகோனேசியேயைச் சேர்ந்த பெர்சிகேரியா டிங்டோரியா. தண்டைப் பாருங்கள்: கணுவுக்குக் கணு மெல்லிய சவ்வு ஒன்று உறைபோலச் சுற்றியிருக்கும். ஆனாலும் இரண்டு செடியும் தருவது ஒரே நீலச் சாயம்தான்.

விதை புதிதாக இருக்க வேண்டும். ஓராண்டு தாண்டிய விதை பெரும்பாலும் முளைக்காது; பலர் முதலில் சறுக்குவது இங்கேதான். தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குள் தூவி, மண் காயாமல் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். நாற்று ஒரு சாண் உயரம் வருவதற்குள் 30 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். நல்ல வெயில், தொழுவுரம், நிறையத் தண்ணீர். தழைச்சத்து குறைந்தால் இலை வெளிறும், சாயமும் குறையும். விதை கிடைக்காதவர்கள் தண்டை ஒடித்துத் தண்ணீரில் வைத்தாலே கணுவில் வேர் விட்டுவிடும்.

பகல் குறையும்போது பூப்பது இதன் குணம். அதனால் பகல் நீளும் மாதங்களில் விதைத்தால் இலை பறிக்க அதிக நாள் கிடைக்கும். இளஞ்சிவப்புக் கதிர் அழகுதான், ஆனால் அது எட்டிப்பார்த்த பிறகு இலையில் சாயம் குறைந்துவிடும். விதைக்கு நாலைந்து செடியை விட்டுவிட்டு, மற்றவற்றை அதற்கு முன்பே அறுங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

இலை தயாரா என்று பார்க்க, ஒன்றைக் கசக்கி வெயிலில் போடுங்கள். காயக் காயக் கசங்கிய இடம் கருநீலமாக மாற வேண்டும். இலையில் இருப்பது நிறமற்ற இண்டிகன். அதைப் பிளக்கும் நொதியும் அதே இலையில், ஆனால் தனியே இருக்கிறது. கசக்கும்போது இரண்டும் கலந்து இண்டாக்சில் உண்டாகிறது. அது காற்றுப் பட்டதும் நீலமாகிவிடும். நீலமாகிவிட்டால் தண்ணீரில் கரையாது. ஆகவே அந்த மாற்றம் தண்ணீரில் நடக்கக் கூடாது, நூலுக்குள் நடக்க வேண்டும். குளிர்ச்சியும் அவசரமும் இதற்காகத்தான்.

50 கிராம் பட்டுக்கு, காம்பு நீக்கிய இலை 200 முதல் 250 கிராம். பட்டுத் துணியை முன்னதாகவே தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு இலையைப் பறியுங்கள். இலையோடு ஐஸ் தண்ணீர் ஒன்றரை லிட்டர் சேர்த்து மிக்ஸியில் பகுதி பகுதியாக அரையுங்கள். ஒரு தடவைக்கு அரை நிமிடம் போதும், நீள ஓடினால் சூடேறும். துணியில் வடிகட்டியதும் பட்டை அமிழ்த்தி, மடிப்பு விழாமல் 15 நிமிடம் அளைந்துகொண்டே இருங்கள். வெளியே எடுக்கும்போது வெறும் பச்சையாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். விரித்துக் காற்றில் பிடித்தால் ஓரத்திலிருந்து மயில்நீலம் ஏறும். மிஞ்சிய பச்சை, மென்மையான சோப்பில் அலசும்போது போய்விடும்.

சாறு நீலமாகி நுரையும் கறுத்துவிட்டால் நேரம் கடந்துவிட்டது. அதில் துணியைப் போட்டால் அழுக்குச் சாம்பல்தான் மிஞ்சும். திட்டுத் திட்டாகப் பிடித்தால் பட்டு சரியாக ஊறவில்லை, அல்லது அளையாமல் விட்டிருக்கிறீர்கள். இந்த முறை பட்டுக்கும் கம்பளிக்கும்தான். பருத்தியில் வெளிறிய சாயலுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு நொதிக்கவைத்த சாயத்தொட்டி வேண்டும். ஜப்பானின் டோகுஷிமாவில் காய்ந்த இலையை நனைத்து, கிளறி, ஏறக்குறைய 100 நாள் மக்கவைத்து 'சுகுமோ' செய்வது அந்தத் தொட்டிக்காகவே.

மிக்ஸி இல்லையென்றால் இலையை ஒரு சிட்டிகை உப்போடு பிசைந்து, சாறு கசிந்ததும் துணியையும் சேர்த்துப் பிசையலாம். நிறம் கொஞ்சம் ஒழுங்கில்லாமல்தான் வரும். கையுறை போடாவிட்டால் நகம் சில நாளைக்கு நீலமாகவே இருக்கும்.