ஒயிட் ரஷ்யன்: கோளாறு பெரும்பாலும் கிரீமில்தான்

வோட்கா, காபி லிக்கர் (காபி மணமூட்டிய இனிப்பு மது), கிரீம், ஐஸ் ஆகிய நான்கைத் தவிர வேறெதுவும் சேராத ஒயிட் ரஷ்யன் என்ற காக்டெயிலை வீட்டில் செய்வது மிக எளிது என்றே பலரும் நினைக்கிறோம். செய்து பார்த்தால் சில சமயம் அது நீர்த்துப்போன காபிப்பாலாக இருக்கும். சில சமயம் சர்க்கரைப் பாகைப் போல நாக்கில் ஒட்டும். இன்னும் சில சமயம் கிளாஸின் உட்புறமெங்கும் வெண்துகள்கள் படிந்து, குடிக்கவே மனம் வராதபடி திரிந்து நிற்கும். பொருள்கள் குறைவாக இருக்கும் பானத்தில் பிழையை மறைக்க எலுமிச்சைச் சாறோ சோடாவோ கிடையாது என்பது ஒரு காரணம். வோட்காவை நாலு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுக்கும் நாம், கிரீமுக்கு மட்டும் ஃபிரிட்ஜில் அன்றைக்கு எது கிடக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறோம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இந்தப் பானத்தின் மூத்த உறவான பிளாக் ரஷ்யனில் கிரீம் கிடையாது. 1949-இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் மெட்ரோபோல் ஹோட்டலில் குஸ்தாவ் டாப்ஸ் என்ற பார்டெண்டர், லக்சம்பர்க்கில் அமெரிக்கத் தூதராக இருந்த பேர்ல் மெஸ்டாவுக்காக அதை உருவாக்கினார் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. ரஷ்யாவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு வோட்கா மட்டுமே. பின்னாளில் அதன் மேல் கிரீம் ஊற்றப்பட்டு ஒயிட் ரஷ்யன் பிறந்தது. இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: அடியில் இருக்கும் பிளாக் ரஷ்யன் சரியாக அமையாவிட்டால், மேலே எவ்வளவு நல்ல கிரீம் ஊற்றினாலும் அது ஈடுகட்டாது.

அடிப்பகுதியில் நேரும் முதல் தவறு, கண்ணளவில் ஊற்றுவது. சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் செய்முறை 50 மி.லி வோட்காவுக்கு 20 மி.லி காபி லிக்கர் என்கிறது. வீட்டில் பெரும்பாலும் இரண்டும் சரிபாதியாக விழுந்துவிடுகின்றன. ஏனெனில் லிக்கர் இனிப்பாக இருக்கிறது, மணமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஊற்றினால் என்ன என்று கை நீள்கிறது. கலுவா போன்ற லிக்கர்களில் 100 மி.லிக்கு 30 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருப்பதால், பங்கு சற்றே கூடினாலும் காபியின் கசப்பு அடங்கிச் சர்க்கரை மட்டுமே மிஞ்சும். அளவுக் குவளை இல்லையென்றால் 15 மி.லி பிடிக்கும் மேசைக்கரண்டி போதும்; மூன்று கரண்டியும் சற்றும் வோட்கா, ஒன்றேகால் கரண்டி லிக்கர். சர்க்கரை குறைவாகவும் காபி அழுத்தமாகவும் உள்ள லிக்கர் வகைகளும் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும்போது 25 அல்லது 30 மி.லி வரை போகலாம் என்பது என் அனுபவம்.

இரண்டாவது தவறு புட்டியை மாற்றி எடுப்பது. பெய்லீஸ் போன்ற ஐரிஷ் கிரீம் வகைகளைக் காபி லிக்கர் என்று எண்ணி வாங்கி வருபவர்கள் உண்டு. ஐரிஷ் கிரீமில் ஏற்கெனவே கிரீமும் விஸ்கியும் கலந்திருக்கின்றன. அதன் மேல் மறுபடியும் கிரீம் ஊற்றினால் கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையே இருக்க வேண்டிய முரண் காணாமல் போய், ஒரே நிறத்தில் ஒரே சுவையில் கெட்டியான ஏதோ ஒன்று கிடைக்கும். காபி லிக்கர் என்பது கருமையாக, தெளிவாக, சற்றுப் பாகுத்தன்மையுடன் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் காபி டிகாக்‌ஷனையும் சர்க்கரையையும் நேரடியாக கிளாஸில் போட்டுக் கலப்பதும் சரிவராது. குளிர்ந்த சாராயத்தில் (ஆல்கஹாலில்) சர்க்கரை எளிதில் கரையாமல் அடியில் மணலாகத் தங்கிவிடும். காபியின் புளிப்போ கிரீமைத் திரிய வைக்கும் பக்கம் தள்ளிவிடும்.

லிக்கரையே வீட்டில் தயாரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சர்க்கரைப் பாகு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அதில் வோட்காவையோ ரம்மையோ ஊற்றக் கூடாது. சாராயம் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பதால் சூடான பாகில் பட்டவுடன் ஆவியாகிறது. அந்த ஆவி சுடரில் பட்டால் தீப்பற்றும். பாகை இறக்கி, அடுப்பை அணைத்து, முழுவதும் ஆறிய பிறகே கலக்க வேண்டும். ஆறிய பாகில் ஊற்றினால் சாராயத்தின் வீரியமும் மணமும் வீணாகாது என்பது கூடுதல் ஆதாயம்.

வோட்காவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மணமூட்டாத, தொண்டையைக் கீறாத, நடுத்தர விலையில் கிடைக்கும் எதுவும் போதும். லிக்கரும் கிரீமும் மூடிவிடும் நுட்பங்களுக்காகப் பெரும் பணம் கொடுப்பதைத் தவறு என்று சொல்லாவிட்டாலும் வீண் என்று சொல்வேன்.

இனி கிரீமுக்கு வருவோம். இதில் நேரும் தவறுகள் பலவகை. ஆனால் வேர் ஒன்றுதான். கொழுப்பு குறைவான பாலை ஊற்றுவது உடம்புக்கு நல்லது என்ற எண்ணத்தில் பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள். சாதாரணப் பாலில் கொழுப்பு 3 முதல் 4 சதவீதம். கடைகளில் விற்கும் மெல்லிய கிரீமில் ஏறத்தாழ 20. அடித்து நுரைக்கத்தக்க கெட்டிக் கிரீமில் 35-க்கும் மேல். கொழுப்பு வெறும் சுவைக்காக மட்டும் அங்கே இருப்பதில்லை. பால் திரிவதற்குக் காரணம் அதிலுள்ள கேசின் என்ற புரதம். புளிப்பு ஏறும்போதும், சாராயம் கூடும்போதும், சூடு சேரும்போதும் அந்தப் புரதத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரள்கின்றன. கெட்டிக் கிரீமில் கொழுப்பின் பங்கு கூடுவதால் கேசினின் பங்கு பாலில் உள்ளதைவிடக் குறைகிறது. ஆகவே அது வோட்காவைத் தாங்கிக்கொள்கிறது. கொழுப்பு நீக்கிய பாலில் நிலைமை நேர்மாறானது. உடம்பைப் பற்றிக் கவலைப்படுபவர் கிரீமின் அளவைக் குறைக்கலாமே தவிர, கிரீமின் தரத்தைக் குறைக்கக் கூடாது.

கெட்டுப்போகும் தறுவாயில் உள்ள கிரீம் இன்னும் மோசம். பால் கொள்முதல் நிலையங்களில் ஒரு பழைய சோதனை உண்டு: பாலையும் ஏறக்குறைய 68 சதவீத வலிமையுள்ள சாராயத்தையும் சம அளவில் சோதனைக் குழாயில் கலந்து பார்ப்பார்கள், நல்ல பால் அப்படியே ஓடும், புளிக்கத் தொடங்கிய பாலோ குழாயின் சுவரில் துகள்துகளாக ஒட்டும். மூக்குக்கும் நாக்குக்கும் இன்னும் தெரியாத புளிப்பைக்கூடச் சாராயம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதே அந்தச் சோதனையின் அடிப்படை. நாம் கிளாஸில் செய்வதும் ஏறத்தாழ அதே சோதனைதான். நான்கு நாள் முன்பு திறந்த கிரீம் முகர்ந்தால் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிக்கொண்டே ஒருமுறை ஊற்றினேன். அரை நிமிடத்தில் கிளாஸின் ஓரத்தில் வெண்மணல் படிந்தது. ஐயம் இருந்தால், ஒரு கரண்டி கிரீமில் ஒரு கரண்டி வோட்காவைக் கலந்து சாய்த்துப் பாருங்கள். கரண்டியின் மேல் வழுவழுப்பாக வழிந்தால் பயன்படுத்தலாம். பொரிப்பொரியாக ஒட்டினால் மொத்த பானத்தையும் வீணாக்காமல் தப்பித்தீர்கள்.

டப்பாவிலிருந்து பீய்ச்சி அடிக்கும் கிரீம் பார்வைக்கு அழகு. ஆனால் அதில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், சில நிமிடங்களில் நுரை சரிந்தும் விடும். தாவரப் பால் வகைகளில் ஓட்ஸ் பால் ஓரளவு ஈடுகொடுக்கிறது, மெல்லிய பாதாம் பால் எளிதில் பிரிகிறது. தேங்காய்க் கிரீம் சுவையில் நன்றாகவே பொருந்தும் என்றாலும், தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஐஸ் மேல் பட்டதும் சிறு மெழுகுத் துணுக்குகள் மிதந்தால் அது திரிந்ததாகாது, உறைந்த கொழுப்புதான். குடிப்பதற்குத் தீங்கில்லை, ஆனால் அந்தத் துணுக்குகள் நாக்கில் உறுத்தும்.

சரியான கிரீமை வாங்கிய பிறகும் அது மேலே மிதக்காமல் மூழ்கிப் போகிறதே என்பதுதான் அடுத்த குறை. இதற்குக் காரணம் எடைக்கணக்கு. 40 சதவீத வோட்காவின் அடர்த்தி சுமார் 0.95, அதாவது தண்ணீரைவிடக் குறைவு. சர்க்கரை நிறைந்த காபி லிக்கரோ தண்ணீரைவிடக் கணிசமாகக் கனமானது. கிரீம் இவ்விரண்டுக்கும் இடையில், ஏறத்தாழத் தண்ணீருக்குச் சமமாக நிற்கிறது. எனவே லிக்கரை ஊற்றி, அதன்மேல் வோட்காவை ஊற்றி, கலக்காமலேயே கிரீமை ஊற்றினால், கிரீம் வோட்காவை ஊடுருவிக் கீழிறங்கி லிக்கரின் மேல் போய் நிற்கும். வோட்காவையும் லிக்கரையும் ஐஸுடன் முதலில் நன்றாகக் கலக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். 50-க்கு 20 என்ற பங்கில் கலந்த பிறகும் அந்தக் கலவை கிரீமைவிடச் சற்றே கனமாக இருக்கும், அவ்வளவுதான். கிரீமை உயரத்திலிருந்து ஊற்றினால் அந்த வேகத்திலேயே மூழ்கிவிடும். லிக்கரைக் கூட்டினால் அடுக்கு தெளிவாக நிற்கும் என்பதும் உண்மை. புகைப்படங்களில் கருப்பு வெள்ளைக் கோடு கத்தியால் வெட்டியது போலத் தெரியும் பல கிளாஸ்களில் உள்ளது அளவுக்கு மீறிய இனிப்பு என்று எனக்கு ஓர் ஐயம்.

இனிப்பைக் கூட்டாமல் கிரீமை மிதக்க வைக்க எளிய வழி, அதில் கொஞ்சம் காற்றை ஏற்றுவது. சுமார் 30 மி.லி குளிர்ந்த கிரீமை மூடியுள்ள சிறு புட்டியில் ஊற்றி, பத்துப் பதினைந்து விநாடி குலுக்குங்கள். தொடக்கத்தில் சளசளவென்று கேட்கும் ஓசை மெல்ல மங்கும். ஓசை மங்கியவுடன் நிறுத்திவிட வேண்டும். இப்போது கரண்டியிலிருந்து சாய்த்தால் கிரீம் சொட்டாக விழாமல் நாடா போல மடிந்து விழும். அதைவிட அதிகம் குலுக்கினால் கட்டியாகி கிளாஸின் மேல் மூடி போல நிற்கும், இன்னும் தொடர்ந்தால் வெண்ணெய் திரண்டுவிடும். பிறகு ஒரு கரண்டியைக் கவிழ்த்து, அதன் முனை மேலே உள்ள ஐஸ் கட்டியைத் தொடும்படி பிடித்து, கரண்டியின் முதுகில் மெதுவாக ஊற்றினால் கிரீம் பக்கவாட்டில் பரவி நிற்கும். மூன்றையும் ஷேக்கரில் போட்டு ஒன்றாகக் குலுக்கிக் குடிப்பதை விரும்புபவர்களும் இருக்கிறார்கள். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது வேறொரு பானம். குளிர்ந்த கிரீமின் வழியாகக் கசப்பான காபி நாக்கை வந்தடையும் அந்த முதல் வாய் அதில் கிடைக்காது.

ஐஸைப் பொறுத்தவரை, குறைவாகப் போட்டால் நீர்த்துப்போகாது என்பது பரவலான தப்புக்கணக்கு. இரண்டே கட்டிகள் மொத்தத் திரவத்தையும் குளிர வைக்கும் முயற்சியில் விரைவில் கரைந்துவிடும். கிளாஸை நிறைக்கும் அளவுக்குப் பெரிய கட்டிகளைப் போட்டால் எல்லாம் சேர்ந்து குளிரைத் தாங்கும், கரைவதும் மெதுவாகும். ஃபிரீசரிலிருந்து வெளியே எடுத்து மேசையில் வைத்த, மேற்பரப்பு நனைந்து பளபளக்கும் ஐஸ் தண்ணீரோடுதான் கிளாஸுக்குள் போகிறது. மீனோ பூண்டோ இருக்கும் ஃபிரீசரில் திறந்து கிடந்த ஐஸின் வாடையைக் கிரீம் உடனே காட்டிவிடும்.

இனிப்பும் கிரீமும் சாராயத்தின் காட்டத்தை மறைத்துவிடுவதால், இது லேசான பானம் என்று எண்ணி அடுத்தடுத்து ஊற்றிக்கொள்வதும் தவறுதான். 50 மி.லி வோட்காவில் 20 மி.லியும், 20 சதவீத வலிமையுள்ள லிக்கரின் 20 மி.லியில் 4 மி.லியுமாக, ஒரு கிளாஸில் 24 மி.லி தூய சாராயம், எடையில் சுமார் 19 கிராம் இருக்கிறது. ஒரு தர அளவைப் பானம் என்பதை 10 கிராமாகக் கணக்கிடும் நாடுகளில் இது கிட்டத்தட்ட இரண்டு பானங்களுக்குச் சமம். காபி இருப்பதால் போதை ஏறாது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. லிக்கரில் உள்ள கஃபீன் மிகச் சிறிது, அது அதிகமாக இருந்தாலும் தூக்கத்தைத்தான் விரட்டுமே தவிர இரத்தத்தில் உள்ள சாராயத்தைக் குறைக்காது. வண்டி ஓட்ட வேண்டியவருக்கும், தூக்க மாத்திரை போன்ற மருந்துகள் எடுப்பவருக்கும், கர்ப்பிணிகளுக்கும் இதை ஊற்றிக் கொடுக்கக் கூடாது.

விருந்தினர் பலர் வரும் நாளில் எல்லாவற்றையும் ஒரு பெரிய ஜாடியில் முன்கூட்டியே கலந்து வைப்பது கடைசியாகச் சொல்ல வேண்டிய பிழை. நேரம் ஆக ஆகச் சாராயம் கிரீமின் மேல் வேலை செய்துகொண்டே இருக்கும். ஜாடியின் கழுத்தில் கொழுப்பு வளையமாகத் திரண்டு நிற்கும். வோட்காவையும் லிக்கரையும் மட்டும் ஒரு புட்டியில் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம், அது கெடாது. ஆனால் முன்பே குளிர்ந்த கலவை ஐஸை அதிகம் கரைக்காது என்பதால், வழக்கமாக ஐஸிலிருந்து சேரும் தண்ணீர் குறைந்து பானம் முரட்டுத்தனமாக இருக்கும். ஆகவே ஆளுக்கு 10 முதல் 15 மி.லி வரை குடிநீரைப் புட்டியிலேயே சேர்த்துவிடுவது நல்லது. கிரீமை மட்டும் ஒவ்வொருவருக்கும் கிளாஸை நீட்டும் நேரத்தில், குலுக்கிய கையோடு ஊற்ற வேண்டும்.