வீட்டுக்காக பம்ப் ஷாட்கன் வைத்திருப்பவர்கள் பழக வேண்டியவை

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்குப் பலர் பம்ப் ஷாட்கன் வாங்குகிறார்கள், அதாவது குழலுக்குக் கீழே உள்ள முன்பிடியை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவையும் ஏற்றும், ஒரே வெடிப்பில் பல குண்டுகளை வீசும் துப்பாக்கி. இதன் புகழில் முதல் உலகப் போருக்கும் பங்கு உண்டு. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 என்ற பம்ப் ஷாட்கனின் குழலை 20 அங்குலத்துக்குக் குறைத்து, கையில் குழலின் சூடு படாமலிருக்க மேலே ஓட்டை போட்ட தகடும் முனையில் துப்பாக்கிக் கத்தியும் மாட்டி அமெரிக்கப் படை பிரான்சில் நடந்த பதுங்குகுழிப் போருக்கு எடுத்துப்போனது. விசையை அழுத்திப் பிடித்தபடியே முன்பிடியை இழுத்துத் தள்ளினால், ஒவ்வொரு தள்ளலுக்கும் வெடிக்கும். 1918 செப்டம்பரில் ஜெர்மனி இந்தத் துப்பாக்கி போர் விதிகளை வகுத்த ஹேக் உடன்படிக்கைக்கு விரோதம் என்று கண்டனம் தெரிவித்தது, இதோடு பிடிபடுகிறவன் உயிர் பிழைக்க மாட்டான் என்றும் மிரட்டியது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் அதை ஏற்கவில்லை.

சரி, ஆனால் பதுங்குகுழியில் எதிரே நின்றவன் எதிரி. வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை தூங்குகிறது. அதனால் போரில் பயன்பட்ட பழக்கங்களை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விடுங்கள்: குறி பார்க்கவே தேவையில்லை, குண்டு தானாகப் பரவும் என்பது. 12 காஜ் (குழல் அளவின் பெயர்) ஷாட்கனுக்கான, பெரிய குண்டுகள் கொண்ட ‘00 பக்‌ஷாட்’ தோட்டாவில் வழக்கமாக 8.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள 9 ஈயக் குண்டுகள் இருக்கும். அவை ஒரு கஜத்துக்கு சுமார் ஓர் அங்குலம் பரவும் என்பது மோட்டாக் கணக்கு. ஐந்து கஜ நீள அறையில் விரித்த கை அளவுகூட வராது, அதனால் குறி பார்த்தே ஆக வேண்டும். தவறினால் அந்தக் குண்டுகள் அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவரை, ஒன்றல்ல, பல அடுக்கைத் துளைத்துப் போகும். எந்தத் திசையில் யார் படுக்கிறார்கள் என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்து, எந்தப் பக்கம் சுடவே கூடாது என்று முடிவு செய்துவையுங்கள்.

இரவில் சத்தம் கேட்டால் துப்பாக்கியோடு வீடு முழுக்கத் தேடப் போகாதீர்கள். குடும்பத்தை ஒரே அறைக்குள் கூட்டி, கதவைப் பூட்டி, அமெரிக்க அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள். வெளிச்சம் அடித்து முகம் பார்க்காமல் விசையில் விரல் வைக்கவே கூடாது, ஏனென்றால் தாமதமாக வீடு திரும்பிய மகனாகவும் இருக்கலாம். முன்பிடியை இழுக்கும் சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான் என்று பலர் சொல்வார்கள், எனக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை. நீங்கள் நிற்கும் இடத்தைத்தான் அது காட்டிக்கொடுக்கும்.

வைக்கும் முறைக்கு வருவோம். ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 என்ற பம்ப் ஷாட்கன்கள் இரண்டிலும் சேஃப்டி எனும் பாதுகாப்புத் தடுப்பு விசையை மட்டும்தான் தடுக்கும், துப்பாக்கி கீழே விழுந்து அடிபட்டால் வெடிக்காது என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே அவற்றை அடுக்கும் குழாயில் மட்டும் இருக்கட்டும், வெடிக்கும் தோட்டா உட்காரும் குழலின் பின்முனை காலியாக இருக்கட்டும். பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் பூட்டிய பெட்டிக்குள்தான், இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

அப்புறம் பயிற்சி. பதற்றத்தில் முன்பிடியைப் பாதி மட்டும் இழுத்துத் தள்ளிவிடுவார்கள். காலித் தோட்டா வெளியே விழாது, அல்லது அடுத்தது ஏறாது. நிஜத் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, மருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு, கடைசிவரை இழுத்து கடைசிவரை தள்ளிப் பழகுங்கள், கை யோசிக்காமல் செய்கிறவரை.